டாக்டரிடம் வரமாட்டேன் என்பவரை எப்படி அழைத்துப் போவது? ஒரு செவிலியரின் பதில்கள்

31 வருஷம் செவிலியராக இருந்தேன். பாதி அவசர சிகிச்சைப் பிரிவில், மீதி வெளிநோயாளிப் பிரிவில். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொல்லும்போது நோயாளி சும்மா இருப்பார், கூட வந்தவர்தான் தலையைக் குனிந்துகொள்வார். உங்கள் கேள்விகளில் 'பிடிவாதம்' என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது! அந்தச் சொல்லில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரு பயம் கிடக்கும். நான் டாக்டர் இல்லை, என்ன நோய் என்று இங்கே சொல்லப்போவதும் இல்லை. எப்படிப் பேசுவது, எப்போது பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்.

கேள்வி: சிஸ்டர், என் கணவருக்கு 54 வயது. இரண்டு மாதம் முன்பு ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது. "தண்ணி சரியா குடிக்கலை, அதான்" என்கிறார். 30 வருஷமாகப் புகைபிடிப்பவர். நான் வாயைத் திறந்தாலே சண்டை.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் என்றால் தொற்று, கல், புரோஸ்டேட் வீக்கம் என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. ஆனால் வலியே இல்லாமல், ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும், சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ கட்டி இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமே புகைதான். அந்த ரத்தம் வரும், நிற்கும், மாதக்கணக்கில் காணாமல் போகும். நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைய அதில் ஒன்றும் இல்லை.

இனி சண்டை விஷயம். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. "சிகரெட்டை விடுன்னு அப்பவே சொன்னேன்." அதைச் சொன்ன நிமிஷமே பேச்சு ரத்தத்தை விட்டு சிகரெட்டுக்குப் போய்விடும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். அதனால் இந்த ஒரு மாதத்துக்குப் புகை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிடும்போது வேண்டாம், பிள்ளைகள் முன்னால் வேண்டாம், அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நிச்சயமாக வேண்டாம். இருவரும் எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ இருக்கும்போது கேளுங்கள்: "டாக்டர்கிட்ட போனா என்ன நடக்கும்னு நினைக்கறீங்க?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். அவர் சொல்லும் பதிலில்தான் உங்களுக்கு வேண்டிய சாவி இருக்கும்.

கேள்வி: நேற்று மாலை என் கணவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார், "பார்த்தியா, ஒண்ணுமில்லை" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இதைப் படித்தவுடன் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் அடைபட்டு, அடைப்பு தானாக விலகியிருக்கலாம். இப்படி வந்தவர்களுக்குப் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். அவரிடம் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: "இது பக்கவாதத்துக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கையா இருக்கலாம், வண்டி சொல்லிட்டேன்." வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும்.

மறுபடி வந்தால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் எங்கள் முதல் கேள்வியே அதுதான். திடீர் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றாலும் இதே கதைதான், பேச்சுவார்த்தை கிடையாது.

கேள்வி: மேடம், என் மனைவிக்கு மார்பில் சின்னக் கட்டி. மூன்று மாதமாகிறது. "வலிக்கலையே, வலிச்சா பார்த்துக்கலாம்" என்கிறாள். நான் கணவன், இதில் எவ்வளவு தூரம் வற்புறுத்துவது?

பதில்: வலி ஒரு அளவுகோலே இல்லை. வலிக்கிற கட்டிகள் பல சாதுவானவை, வலிக்காத சில அப்படி இல்லை. மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. ஆனால் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பெண்கள் தள்ளிப்போடுவதற்கு நோய்ப் பயம் மட்டும் காரணம் இல்லை. யார் முன்னால் உடையைக் கழற்றுவது என்பது ஒன்று. தான் படுத்தால் வீடு என்னாகும் என்பது இன்னொன்று. மார்பையே எடுத்துவிடுவார்களோ, அப்புறம் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ என்பது வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது. முதலாவதற்குப் பெண் மருத்துவரைத் தேடி நேரம் வாங்குங்கள். இரண்டாவதற்கு, அன்றைக்கு வீட்டை யார் பார்ப்பார்கள் என்பதை முடிவுசெய்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள். மூன்றாவதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "எது எப்படி இருந்தாலும் நீதான் எனக்கு வேணும்." சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? பரவாயில்லை, கூச்சத்தோடேயே சொல்லுங்கள்.

கேள்வி: வேறு ஏதோ வேலை என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: ஒரு தடவை முடியும். அடுத்த தடவை உங்களோடு கடைவீதிக்குக்கூட வரமாட்டார்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் குறட்டை விடுவது பக்கத்து வீட்டுக்கே கேட்கும். திடீரென்று மூச்சே நின்றமாதிரி அமைதி, அப்புறம் திணறிக்கொண்டு எழுகிறார். காலையில் கேட்டால் "நானா? குறட்டையா?" என்கிறார்.

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, தூங்குகிறவருக்குத் தெரியாது. போனில் பதிவு செய்யுங்கள். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் போட்டுக் காட்டிச் சிரிக்காதீர்கள், தனியாகக் கேட்க வையுங்கள். குறட்டையைவிட அந்த அமைதியைத்தான் அவர் கேட்கவேண்டும். தூக்கத்தில் பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பது மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். ரத்த அழுத்தம் ஏறும், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகும். வீட்டிலேயே ஓர் இரவு கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கிச் செய்யும் சோதனையும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதற்குச் சட்டென்று ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 68 வயது. கேட்டதையே கேட்கிறாள், அடுப்பை அணைக்க மறக்கிறாள். சொன்னால் "உங்களுக்குத்தான் மறதி" என்று கோபம். டாக்டர் என்றாலே அழுகிறாள்.

பதில்: ஐயா, அம்மா மறுப்பது பிடிவாதமாக இல்லாமலே இருக்கலாம். தன் குறை தனக்கே தெரியாமல் போகும் நிலை ஒன்று உண்டு. பக்கவாதத்தில் கை விழுந்தும் "கை நன்றாகத்தானே இருக்கிறது" என்ற நோயாளிகளைப் பார்த்து, பபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914-ல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஞாபக மறதி நோயிலும் அது வரும். அதனால் ஆதாரம் காட்டி வாதாடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், அவர் மனம்தான் நோகும்.

பிரஷர், சர்க்கரை பார்க்க இருவருமாகச் சேர்ந்து போங்கள். நீங்கள் கவனித்ததையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் முன்பே சேர்த்துவிடுங்கள். பொய் கூடாது என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். பிரஷரையும் உண்மையாகவே பார்க்கத்தானே போகிறீர்கள்! தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும், அவை சரிசெய்யக் கூடியவை.

கேள்வி: கணவர் இரண்டு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, தூங்குவதில்லை. நேற்று "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்றார். மனநல மருத்துவர் என்றால் "நான் பைத்தியமா?" என்கிறார்.

பதில்: நேற்றுச் சொன்னதை அப்படியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கும். 'ஆமாம்' என்றாலோ, பதில் சொல்லாமல் மழுப்பினாலோ தனியாக விடாதீர்கள், ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் அகற்றிவிட்டு இன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். 'அப்படியெல்லாம் இல்லை' என்று தெளிவாகச் சொன்னாலும் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். "தூக்கத்துக்கு ஏதாவது வழி கேட்கலாம்" என்று உங்கள் வழக்கமான டாக்டரிடமே தொடங்கலாம். அந்த 'பைத்தியம்' என்ற சொல்லுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: அவருடைய டாக்டரிடம் நான் தனியாகப் பேசலாமா?

பதில்: பேசலாம். அவர் அனுமதி இல்லாமல் டாக்டர் உங்களுக்கு எதையும் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை.

கேள்வி: என் கணவருக்கு ஓயாத தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார், எடையும் குறைகிறது. அழுதுவிட்டேன், திட்டிவிட்டேன், அவர் அம்மாவை விட்டும் சொல்லிவிட்டேன். அசையவில்லை.

பதில்: ஊரைக் கூட்டியது போதும். குடிப்பவர்களிடம் பேசும் முறையாக வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதியது பிறகு எல்லா நோய்க்கும் பரவியது, அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "டெஸ்ட் எடுக்கணும்னு உங்களுக்கே எவ்வளவு தோணுது, பத்துக்கு எத்தனை?" மூன்று என்பார். "ஏன் மூணுதான்?" என்று கேட்டால் போகாமல் இருக்கக் காரணம் அடுக்குவார். "ஏன் ஒண்ணு சொல்லலை?" என்று கேளுங்கள், போகவேண்டிய காரணத்தைத் தன் வாயாலேயே சொல்வார். கேட்கும்போதும் சின்னதாகக் கேளுங்கள்: ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு வெறும் வயிறுகூட வேண்டாம். வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு என்று ஏதாவது வந்தால் மட்டும் கேள்வியெல்லாம் கிடையாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவள் என் மனைவி. படித்துப் பார் என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் அண்ணனுக்குச் சிறுநீர்க் குழாய் வழியாக டியூப் போட்டுப் பத்து நாள் படுத்திருந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு நோயைப் பற்றிப் பயம் இல்லை. அந்த டியூப்தான்.

பதில்: சொன்னதற்கு நன்றி சார். இதை உங்கள் மனைவியிடம் இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள்.

முதல் நாள் டியூப் எல்லாம் இல்லை. சிறுநீர், ரத்தம், பெரும்பாலும் வயிற்றில் ஒரு ஸ்கேன். அதன் பிறகு உள்ளே பார்க்கவேண்டி வந்தால், மரத்துப்போகும் ஜெல் தடவி, வளையக்கூடிய மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்து உடனே எடுத்துவிடுவார்கள். சில நிமிஷ வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அண்ணனுக்குப் போட்டது தங்கியிருக்கிற டியூப், அது வேறு.

என் கழுத்தில் ஒரு கட்டி வந்தபோது நானே எட்டு மாதம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிந்தேன், அதுவும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே. என் வீட்டுக்காரர் ஒருநாள், "உனக்காக வேணாம், எனக்குத் தூக்கம் வரலை, அதுக்காக வா" என்றார். போனேன். சாதாரணத் தைராய்டுக் கட்டி.

போகும்போது சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவும் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். எந்தக் கிழமை போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லவேண்டாம், உள்ளே இருப்பவரிடம் சொல்லுங்கள்.