அப்பா கூட்டிப்போன பூங்காவுக்கு மகனைக் கூட்டிப்போக நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். 1990 பிரச்சினையோடு எங்கள் குடும்பம் சென்னைக்குப் போய் வளசரவாக்கத்தில் இருந்தது. அப்பா சவூதியில் வேலை. வருடம் ஒருமுறை லீவில் வரும்போது என்னையும் தம்பியையும் விஜிபி பூங்காவுக்குக் கூட்டிப் போவார். அம்மா புளிச்சாதம் கட்டித் தருவார். வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்கவைக்க நானும் தம்பியும் செய்யாத கூத்தில்லை. அப்பா எந்த ராட்டினத்திலும் ஏறமாட்டார், எங்கள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழேயே நிற்பார். இப்போது என் மகனுக்கு 7 வயது. அம்மா இல்லை. அப்பாவுக்கு 71, முழங்கால் வருத்தம் தொடங்கிவிட்டது. இந்த ஆகஸ்ட் விடுமுறையில் அப்பாவோடு நாங்கள் நால்வரும் சென்னை போய் வர ஆசை. செலவு 5,50,000 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்: டிக்கெட் 2,20,000, கடவுச்சீட்டும் விசாவும் 40,000, தங்குமிடம் 1,00,000, பூங்கா, சாப்பாடு, வாகனம் 90,000, தி.நகரில் உடுப்பு, சாமான் 1,00,000. சேமிப்பில் 2,50,000 இருக்கிறது. அதில் 1,20,000 எடுத்துக்கொண்டு, மீதி 4,30,000க்கு என் 3 பவுண் சங்கிலியை அடைவு வைக்கலாம் என்கிறார் மச்சாள். மாதம் 100 ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் வட்டி. மாதம் 20,000 திருப்பிக் கட்ட முடியும். மகனின் சிறுவர் சேமிப்புக் கணக்கில் 85,000, கணவரின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம், அரசாங்க ஊழியர் என்பதால் எனக்குக் கிடைக்கும் இடர் கடன் என்று வேறு வழிகளும் யோசித்தோம். இந்த ஆசைக்கு இவ்வளவு செலவழிப்பது பிழையா?

பதில்: பிழை இல்லை சகோதரி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிள்ளையை வெளியே கூட்டிப்போகும் காசை வீண்செலவு என்று எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கலியாண வீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் கடன்பட்டுச் செலவழிப்பதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் போங்கள். ஆனால் சங்கிலியை வைத்துப் போகவேண்டாம், இந்த ஆகஸ்டில் போகவேண்டாம். அடுத்த வருடம் ஆகஸ்டில் போங்கள்.

ஏன் என்று கணக்கிலேயே பார்ப்போம். 4,30,000க்கு மாதம் ஒன்றரை வீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 6,450. நீங்கள் கட்டும் 20,000இல் மூன்றில் ஒரு பங்கு அப்படியே வட்டிக்குப் போய்விடும். இடையில் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால், சங்கிலி திரும்பிக் கைக்கு வர 26 மாதத்துக்கு மேல் செல்லும். மொத்த வட்டி ஏறக்குறைய 93,000. உங்கள் தங்குமிடச் செலவு அளவுக்கு இன்னொரு தொகை, யாருக்கும் ஒரு பயனும் இல்லாமல். ஒரு மாதமும் தவறாது என்று நம்பலாமா? கார்த்திகை மார்கழி மழையில் ஒவ்வொரு வருடமும் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வரும், கூரைக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஒரு செலவு வரும், அந்த மாதம் 20,000 இருக்காது. அடைவில் ஒரு தவணை சறுக்கினால் வட்டி ஏறும். தவணை முடிந்தும் மீட்காவிட்டால் ஏலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கத்தின் விலை ஏறியிருப்பதால் ஒரு பவுணுக்கு முன்பைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கேட்டதைவிடக் கூடுதலான தொகை கண்ணுக்கு முன்னால் வரும்போது, ‘இதையும் சேர்த்து எடுத்துக்கொள்வோமே’ என்று தோன்றும். 4,30,000க்குப் போனவர்கள் ஆறு இலட்சத்தோடு வீடு திரும்புவது இப்படித்தான்.

இப்போது அதே 20,000ஐ எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். கடனைக் கட்ட மாதம் 20,000 முடியும் என்றால், சேர்க்கவும் முடியும். இன்றிலிருந்து அடுத்த வருட ஆகஸ்ட் வரை 18 மாதம் இருக்கிறது. 3,60,000 சேரும். கையிலிருந்து நீங்கள் எடுக்க நினைத்த 1,20,000ஐக் கூட்டினால் 4,80,000. வட்டி 20, 25 ஆயிரம் வரலாம். ஆக 5 இலட்சம் வந்துவிடும். சேமிப்பில் மீதமிருக்கும் 1,30,000 அப்படியே இருக்கட்டும், அது மழைக்கால மாதத்துக்கு. பயணத்துக்கு 20,000 குறைகிறது என்றாலும் அதில் கை வைக்கவேண்டாம்.

இன்னும் 50,000 இடிக்கிறதே என்பீர்கள். அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சிறுவயதைப் பற்றி எழுதிய வரிகளில் சிலை மனிதன் வருகிறார், அம்மாவின் புளிச்சாதம் வருகிறது, பைகளோடு நிற்கும் அப்பா வருகிறார். உடுப்புக் கடை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் இன்றைய கணக்கில் தி.நகருக்கு ஒரு இலட்சம், பூங்காவுக்கு அதைவிடக் குறைவு. நான் முதலில் வெட்டுவது அந்த ஒரு இலட்சத்தைத்தான். 40,000 வைத்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரருக்கு ஒன்றிரண்டு உடுப்பு, மகனுக்கு ஒரு சட்டை, போதும். பயணம் 4,90,000க்கு வந்துவிடும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைத்தபின் இந்த எல்லையைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆகையால் கடைக்குப் போவதைக் கடைசி நாளுக்குத் தள்ளி, அந்தக் காசை வேறு உறையில் வைத்துவிடுங்கள். உங்களுக்கு நினைவில் நின்றது எதுவோ அதற்குத் தாராளமாகச் செலவழியுங்கள், நிற்காததில் கையை இறுக்குங்கள்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் தங்குமிடத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் அப்பா வருகிறார். மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத மலிவான அறையில் அவரை ஏற்றி இறக்கவேண்டாம். அங்கே குறைக்காதீர்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகனின் சிறுவர் கணக்கை மறந்துவிடுங்கள். இப்படியான கணக்குகளில் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை எடுக்க விடமாட்டார்கள். பயணத்துக்குச் சேர்க்கும் 20,000ஐயும் அதில் போட்டுவிடவேண்டாம், தேவைப்படும்போது வெளியே வராது. கணவரின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வேலையில் இருக்கும்போதே 30 வீதம் எடுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். உங்கள் இடர் கடனுக்கு வட்டி குறைவு என்பது உண்மை. அதனால்தான் அதைத் தொடவேண்டாம் என்கிறேன். நாளை அப்பாவின் முழங்காலுக்கு ஒரு சத்திரசிகிச்சை என்று வந்தால், நீங்கள் போய் நிற்கக்கூடிய மலிவான கதவு அது ஒன்றுதான். கடனட்டையும் வேண்டாம், அதன் வட்டி அடைவைவிடக் கடுமை. பாடசாலையில் சக ஆசிரியர்களோடு சீட்டுக் கட்டும் பழக்கம் இருந்தால், உங்கள் முறை ஆகஸ்டுக்கு முன் உறுதியாக வருமா என்று பாருங்கள். குலுக்கலில் விழும் சீட்டுக்குப் பயணக் காசைக் கட்டினால், உங்கள் பெயர் கார்த்திகையில் விழலாம்.

சரி, எங்கே சேர்ப்பது? உங்கள் சம்பளம் வரும் கணக்கிலிருந்து, சம்பளம் விழுந்த மறுநாளே 20,000 தானாக இன்னொரு கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்கவேண்டாம். இப்போதைய 1,20,000ஐ ஒரு வருட நிலையான வைப்பில் போடலாம். தேசிய சேமிப்பு வங்கியில் போட்டால் முழுத் தொகைக்கும் அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது. மற்ற உரிமம் பெற்ற வங்கிகளில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி. உங்கள் தொகைக்கு இரண்டுமே போதும். கூடுதல் வட்டி தருகிறோம் என்று வட்ஸ்அப்பில் வருகிற எதையும் திரும்பிப் பார்க்கவேண்டாம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. வங்கியில் நீங்களாகக் கேளுங்கள்.

ரூபாயின் மதிப்பு பற்றியும் ஒரு யோசனை வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்படி மறுபடியும் நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் நீங்கள் ரூபாயில் சேர்த்து இந்தியக் காசில் செலவழிக்கப் போகிறீர்கள். கல்வி அமைச்சின் அடுத்த வருட விடுமுறைத் திகதிகள் உறுதியானதும் முதலில் விமான டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். உங்கள் செலவில் பெரிய துண்டு அதுதான், அதன் விலை அத்தோடு நின்றுவிடும். கட்டுநாயக்கவின் விலையை மட்டும் பார்க்காமல், பலாலியிலிருந்து சென்னைக்கு என்ன விலை என்றும் பாருங்கள். பொதி அளவு குறைவாக இருக்கலாம், ஆனால் கடை உறை சிறிதாகிவிட்டதால் அது பெரிய குறையாக இராது.

திகதியில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் விடுமுறை, தமிழ்நாட்டில் அப்போது பள்ளிக்கூடங்கள் நடக்கும். 15ஆம் திகதி சுதந்திர தினத்தையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, ஒரு செவ்வாயோ புதனோ போனால் வரிசை குறைவு, பல பூங்காக்களில் கட்டணமும் குறைவு. ஏப்ரல் மே என்றால் அங்கும் விடுமுறை, வெயிலும் சேர்ந்துகொள்ளும், அப்பாவால் முடியாது. மார்கழி வேண்டவே வேண்டாம், இங்கும் மழை அங்கும் மழை.

மகனின் உயரத்தை இன்றே கதவு நிலையில் நிற்கவைத்து அளந்துவையுங்கள். பல பூங்காக்களில் பிள்ளைக்கான டிக்கெட் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்துத்தான். ராட்டினங்களும் அப்படியே. பெரிய சவாரிகளுக்கு 140 சென்ரிமீற்றர் கேட்பார்கள். 7 வயதுப் பிள்ளை அதற்கு எட்டாது, எட்டரை வயதிலும் எட்டாது. அவனுக்குக் கிடைக்கப்போவது சிறுவர் சவாரிகளும் தண்ணீர்க் குளமும்தான். அதனால் விலை கூடிய பூங்காவைத் தேடி ஓடவேண்டாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா என்ற பூங்கா திறந்திருக்கிறது, அதன் விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது பிள்ளை வளர்ந்தபின் பார்க்கலாம். நீங்கள் போன விஜிபி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 2019 முதல் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்து மீன் பார்க்கும் இடமும் உண்டு. அப்பா ஏறி இறங்காமல் பேரனோடு சேர்ந்து பார்க்கக்கூடியது அதுதான், அதற்கு ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பூங்கா, அடுத்த நாள் ஓய்வு. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடாத பூங்காக்கள் நிறைய, அதனால் புளிச்சாதத்தைக் கணக்கில் நம்பவேண்டாம். நால்வரின் மதியச் சாப்பாட்டையும் உள்விலையில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வருடம் தள்ளுவதில் எனக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது, அது அப்பாவின் வயது. 71 வயதில் 18 மாதம் சின்ன விஷயம் அல்ல. ஆகையால் இந்த ஆகஸ்டை வெறுமனே விடவேண்டாம். உதயதேவி ரயிலில் அப்பாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போங்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஒரு நாள், பண்டாரகமவில் உள்ள பேர்ள் பே போன்ற ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரு நாள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் 50,000க்குள் முடியும். இதற்கு அந்த 20,000ஐத் தொடவேண்டாம். இந்த வருட விழா முற்பணத்தையும் மாதாமாதம் மிஞ்சுவதையும் சேர்த்து ஒப்பேற்றுங்கள். அப்பா எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை மணிக்குக் களைத்துப்போகிறார் என்பதும் அப்போது தெரிந்துவிடும். சக்கர நாற்காலி தேவைப்படும் என்றால் சென்னைப் பயணத்துக்கு முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். இந்த ஆகஸ்டில் அவருடைய உடல்நிலை இறங்குவதாக வைத்தியர் சொன்னால், என் கணக்கை ஒரு பக்கம் வையுங்கள். அப்பாவும் நீங்களும் மகனும் மட்டும், மூன்று நாளுக்கு, உடுப்புக் கடையே இல்லாமல் இந்த வருடமே போய்வாருங்கள். உங்கள் கணக்கில் அது கிட்டத்தட்ட மூன்று இலட்சத்துக்குள் அடங்கும். அப்போது முழுச் சேமிப்பையும் எடுங்கள் என்பேன். குறையும் 50,000க்குச் சங்கிலியைச் சிறு தொகைக்கு வைத்தாலும் மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம்.

திரும்பி வந்தபின் அந்த நிலையான கட்டளையை நிறுத்தவேண்டாம். 20,000ஐ 7,000 ஆக்கிவிட்டு ஓடவிடுங்கள். உங்கள் அப்பா வருடாவருடம் கூட்டிப்போனார். உங்களுக்கு வருடாவருடம் சென்னை ஏலாது, ஆனால் 84,000இல் ஒவ்வொரு ஆகஸ்டும் நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ ஏலும். மகன் 140 சென்ரிமீற்றரைத் தாண்டும் வருடம் தெரிந்தால், அதற்கு முந்தைய வருடப் பயணத்தைச் சுருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக அலுவலக வேலைகள். அரசாங்க ஊழியர் என்பதால் பாடசாலை விடுமுறையாக இருந்தாலும் வெளிநாடு போக உங்களுக்கு அனுமதி வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், டிக்கெட் வாங்கும் கையோடு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கடவுச்சீட்டு 3 வருடம்தான் செல்லும், இன்றே எடுத்தால் ஒன்றரை வருடம் மேசைக்குள் கிடக்கும். அடுத்த வருடம் தை, மாசியில் எடுங்கள். அப்பாவுடையதை எடுத்துப் பாருங்கள், பயணத் திகதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அவருக்குப் பயணக் காப்புறுதி போடும்போது வயதையும் முழங்கால் வருத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் இழப்பீடு கேட்கும் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.