சம்பளம் கூடியது, எடையும் கூடியது: ஜிம்முக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக (தையல்காரருக்கு உதவியாளராக) சேர்ந்து, செக்கிங் பார்த்து, இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 24 வயதில் கல்யாணம் ஆனபோது 46 கிலோ, இப்போது 69. உயரம் 154 செ.மீ. அம்மா இன்றைக்கும் காட்டு வேலைக்குப் போகிறார், ஒல்லியாகத்தான் இருக்கிறார். கோவையில் ஐ.டி. வேலை பார்க்கும் நாத்தனார் என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறார், அவரும் ஒல்லி. நடுவில் நான் மட்டும் ஏன் இப்படி? ஜிம்மில் மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார்கள், சேரட்டுமா? பிளஸ் டூ படிக்கும் மகள் என்னைப் பார்த்துப் பயந்து காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

பதில்: ஜிம் இப்போதைக்கு வேண்டாம். அந்த 1,500 ரூபாய்க்கு உங்கள் வீட்டிலேயே வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அம்மா, நீங்கள், நாத்தனார் என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்திவிட்டீர்கள். பெண்களின் வருமானத்தையும் எடையையும் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருவதே இந்த வரிசைதான். ஜெஃப்ரி சோபல், ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற இருவர் 144 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 1989இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏழை நாடுகளில் பணம் உள்ள பெண்கள் பருமனாக இருந்தார்கள். பணக்கார நாடுகளில் இது தலைகீழ்: வசதி குறைந்த பெண்களுக்குத்தான் எடை அதிகம். ஆண்களிடம் இவ்வளவு தெளிவான போக்கு தெரியவில்லை. பிறகு 2004இல் பிரேசிலின் கார்லோஸ் மொன்டேரோ குழுவினர், ஒரு நாட்டின் தலா வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2,500 டாலரைத் தொடும்போது (அந்தக் காலத்து டாலர்) பெண்களின் பருமன் பணக்கார வீடுகளிலிருந்து ஏழை வீடுகளுக்கு இடம் மாறத் தொடங்குகிறது என்று கணித்தார்கள். தமிழ்நாடு இப்போது ஏறக்குறைய அந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம். அம்மா திருப்பத்துக்கு இந்தப் பக்கம், நாத்தனார் அந்தப் பக்கம், நீங்கள் வளைவிலேயே மாட்டிக்கொண்டீர்கள்.

தனியாக மாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. இந்திய அளவில் 24தான். இத்தனைக்கும் அந்தக் கணக்கெடுப்பு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25க்கு மேல் போனவர்களை மட்டுமே எண்ணுகிறது. இந்தியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. உங்களுடையது 29.

சரி, சம்பளம் எப்படி இடுப்பில் போய் உட்காருகிறது? அம்மா களை எடுக்கிறார், குனிகிறார், நடக்கிறார். அவர் சாப்பிடும் சோறு அன்றைக்கே எரிந்துவிடுகிறது. அவருடைய ஒல்லியை ஆரோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி உழைப்பு, பாதி போதாத சாப்பாடு. உங்கள் தலைமுறைக்கு முதலில் போனது உடல் உழைப்பு. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது, 2011க்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும் அரசாங்கமே கொடுத்தது. (அம்மியைத் திரும்ப எடுக்கச் சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. அரைத்தது யார் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.) ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பட்டினி இல்லாமல் செய்தது இந்த ரேஷன்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் நம் வீடுகளில் முதலில் கூடுவது எண்ணெயும் சர்க்கரையும் மைதாவும். பருப்பு, காய், பழம் எல்லாம் அப்புறம்தான் கூடுகின்றன, பல வீடுகளில் கூடுவதே இல்லை. திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரி கடைவீதியில் நின்று பார்த்தால் போதும். வாரச் சம்பளம் கைக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் பரோட்டா பார்சலாக வீட்டுக்குப் போய்விடும்.

நீங்களும் கைமடியாக இருந்தவரை நாள் முழுக்க நின்றீர்கள். பதவி உயர்வு என்றால் நாற்காலி. வண்டியும் வாங்கியிருப்பீர்கள். கம்பெனி டீ இரண்டு, வீட்டில் இரண்டு, வேலை முடிந்து ஒன்று. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீயில் 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி. வீணாகப் போகக்கூடாது என்று பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் அம்மாக்கள்தான் சாப்பிடுகிறோம், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

14 வருடத்தில் 23 கிலோ என்பது மலைப்பாகத் தெரியும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று நேராக வகுத்தால் ஒரு நாளைக்கு 35 கலோரிதான் மிஞ்சியிருக்கிறது. உடம்பு கனக்கக் கனக்கச் செலவும் கூடும் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடப் பெரியது. இருந்தாலும் நீங்கள் அளவில்லாமல் தின்று கெட்டவர் இல்லை என்பதற்கு இது போதும். தினமும் கொஞ்சம் மிஞ்சிக்கொண்டே வந்திருக்கிறது.

நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். அவரைப் போன்றவர்கள் நம் ஊரில் இன்னும் கொஞ்சம் பேர்தான். இந்திய அளவில் இன்றும் வசதி ஏற ஏறப் பெண்களின் எடையும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அவர் சம்பளம் வாங்கும் ஒரு பொருளை உங்கள் சம்பளம் இன்னும் வாங்கவில்லை, அது நேரம். சமையலுக்கோ பாத்திரத்துக்கோ ஆள் இருந்தால் காலையில் முக்கால் மணி நேரம் மிஞ்சும். நடக்க அக்கம்பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கும். ஒல்லியாக இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் அந்த மாதிரி வேலைகளில் அதிகம். அமெரிக்காவில் ஜான் காவ்லி என்ற பொருளாதார அறிஞர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினப் பெண்களிடம் சுமார் 65 பவுண்டு, அதாவது 29 கிலோ எடை கூடியிருந்தவர்களுக்குச் சம்பளம் 9 சதவீதம் குறைவாக இருந்தது தெரிந்தது. பணம் எடையை மாற்றுவது போல எடையும் பணத்தை மாற்றுகிறது. அதனால் நாத்தனாரோடு உங்களை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள், இரண்டு பேர் ஓடும் தடமும் வேறு.

முதல் வேலை பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் அதற்கு மருந்துதான், பத்தியம் உதவாது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எடை மிஷினைவிட உங்கள் கம்பெனி இஞ்ச் டேப் நல்ல கருவி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச் வரை பரவாயில்லை.

திரும்ப 46 கிலோவுக்குப் போக வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைந்தாலே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும்.

அடுத்தது எண்ணெய். வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் போகும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல் வருகிறது. மூன்றரை லிட்டரில் நிறுத்தினால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன 27 கிராமை ஒட்டி வந்துவிடும். பாட்டிலை மறைத்து வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டர் மட்டும் வாங்குங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

டீயை விடச் சொல்ல மாட்டேன், திருப்பூரில் அது நடக்காது. சர்க்கரையை முதல் மாதம் ஒரு ஸ்பூன், அடுத்த மாதம் அரை ஸ்பூன் என்று இறக்குங்கள். வெல்லம், கருப்பட்டி எல்லாம் கலோரியில் சர்க்கரைக்குத் தம்பிகள்தான்.

சோற்றைக் குறைத்தால் பசிக்கும், அந்த இடத்தில் பருப்பை வையுங்கள். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அது ஒரு கிலோதான், மாதம் இன்னும் மூன்று கிலோ பயறு வகைகள் வெளியே வாங்குங்கள். உங்கள் பக்கத்துக் கொள்ளுப் பருப்பு கடைசல் அருமையான சாப்பாடு. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீரை மட்டும் குடித்தால் ஒன்றும் கரையாது. சோறு ஒரு கரண்டி குறைந்து கொள்ளு ஒரு கரண்டி ஏறினால்தான் பலன். தினமும் ஒரு முட்டை. தட்டில் பாதி காய். சிறுதானியம் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், வேண்டாம். அரிசியைவிட விலை அதிகம், கலோரி ஏறக்குறைய அதேதான். அந்தக் காசில் கீரையும் அவரையும் வாங்கலாம்.

இப்போது அந்த 1,500 ரூபாய். பாதியைப் பருப்புக்கும் முட்டைக்கும் காய்க்கும் ஒதுக்குங்கள். மீதிக்கு, பாத்திரம் துலக்க வாரத்தில் மூன்று நாள் யாராவது வருவார்களா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் கணவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள், அவரும் அதே வீட்டில்தான் சாப்பிடுகிறார். மிஞ்சும் அரை மணி நேரம் உங்கள் நடைக்கு. இருட்டில் தனியாக நடக்கப் பயமாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி வளாகத்துக்குள்ளேயே பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். தசை போகாமல் இருக்க அதுவே நல்ல ஆரம்பம். ஆறு மாதம் இதைத் தவறாமல் செய்துவிட்டு, அப்புறமும் ஜிம் ஆசை இருந்தால் சேருங்கள்.

சனிக்கிழமை பரோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஆளுக்கு நான்கு வாங்கினால் இரண்டாக்கி, கூடவே வீட்டில் இரண்டு முட்டையை அவித்து வையுங்கள்.

மகள் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை இருந்தது. பட்டினி கிடக்கும் பிளஸ் டூ பெண்ணுக்கு அது வர அதிக நாள் ஆகாது, படிப்பும் மண்டையில் ஏறாது. அவளையும் உங்களோடு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். அவள் எதிரில் உங்கள் எடையைப் பற்றிப் புலம்புவதை நிறுத்துங்கள். நாளைக் காலையில் இரண்டு தட்டு எடுத்து, இருவருக்கும் ஒரே மாதிரி மூன்று இட்லி, ஒரு முட்டை, கெட்டியாகச் சாம்பார் வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.