நெளிந்து வந்த இசைத்தட்டு: கடைக்காரர் கைவிரிக்கலாமா?

கேள்வி: சூப்பர்ஆர்கனிசம் என்ற பாப் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘வேர்ல்டு வைடு பாப்’ ரெக்கார்டை ஆன்லைனில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். மே மாத மதியத்தில் டெலிவரி. ஓடவிட்டால் முள் ஏறி இறங்குகிறது, பாட்டு இழுக்கிறது. “கவரைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர். போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் திட்டு வேறு.
- வாசகர், வேளச்சேரி

பதில்: பிரிக்காமல் தட்டு நெளிந்திருப்பது எப்படித் தெரியும்? அவர் சொல்வது சட்டப்படி செல்லாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இதுதான் நிலை.

முதலில் சாட்சியம். தட்டைச் சமமான கண்ணாடி மேல் வைத்து, விளிம்பு தூக்கி நிற்பதைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். முள் ஆடுவதைச் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வெயிலில் வைத்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ரெக்கார்டு பி.வி.சி. பிளாஸ்டிக், சூட்டில் இளகினால் வரிப்பள்ளங்களே கெட்டுவிடும், பழியும் உங்கள் மேல் விழும்.

பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சென்னையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாற்றுத் தட்டு தருவதாகச் சொன்னால், வெயில் தணிந்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் நிறுத்தி வையுங்கள்; படுக்கப்போட்டு அடுக்கினால் அதுவும் நெளியும்.

வீட்டில் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஆரம்ப நாளில் கடல் தாண்டி ஒருவருக்கொருவர் ஃபைல் அனுப்பியே பாட்டுக் கட்டிய குழு இது. 2022-ல் வந்த இந்த ஆல்பமும் போன் திரைக்குள் ஓடும் நம் வாழ்க்கையைத்தான் பாடுகிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நோட்டிஃபிகேஷன் வராமல் அதைக் கேட்க ஆசைப்படுவது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் சின்ன சூட்கேஸ் பிளேயர் என்றால், அடுத்த ரெக்கார்டுக்கு முன் ரிச்சி தெருவுக்குப் போய் நல்ல ஸ்பீக்கர் ஒன்று பாருங்கள். இத்தனை ஒலிகளை அடுக்கி வைத்த பாட்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது.