அம்முச்சியோட பென்ஷன் நின்னு போச்சு, யாருகிட்டக் கேக்கறதுங்க?

கேள்வி: வணக்கமுங்க. எங்க அம்முச்சிக்கு (அம்மாவப் பெத்த பாட்டி) 74 வயசு. அஞ்சு வருசமா முதியோர் உதவித்தொகை வந்துட்டு இருந்துச்சுங்க, இப்ப நாலு மாசமா பேங்க்ல ஏறவே இல்ல. தாலுகா ஆபீஸ்ல போய்க் கேட்டா, மகன் பேர்ல டெம்போ இருக்குது, அதனால கட் ஆயிருச்சு, வேணும்னா புதுசா எழுதிக்குடுங்கன்னு வாயிலயே சொல்லி அனுப்பிட்டாங்க. மாமா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு டெம்போ ஓட்டி அதுக்கு ட்யூ கட்டவே தடுமாறிட்டு இருக்காரு, அம்முச்சி ஊர்ல ஒத்தைல கெடக்குது. புதுசாவே எழுதிக் குடுத்தரலாங்களா?
(ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: வேண்டாம் அம்மிணி, அவசரப்பட்டுராதீங்க. புது மனு போட்டா புதுசா ஆர்டர் ஆகற தேதியில இருந்துதான் பணம் வரும், நாலு மாசத்துக்கு 1,200 ரூபா மேனிக்கு 4,800 ரூபா கைவிட்டுப் போயிரும், நிறுத்துனது சரிதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆயிரும்.

மொதல்ல அந்த வாய் வார்த்தைய பேப்பர்ல வாங்கணும். சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாருக்கு ஒரு மனு எழுதுங்க. எந்தத் தேதியில நிறுத்துனீங்க, என்ன காரணம், யாரு வந்து விசாரிச்சாங்க, அந்த ஆர்டர் நகல் குடுங்க, இவ்வளவுதான் கேக்கணும். குடுத்ததுக்கு ஒப்புகை சீல் வாங்காம படி எறங்காதீங்க. இழுத்தடிச்சா 2005ம் வருச தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். நம்ம சனங்க பலபேரு இந்த எடத்துலதான் சோர்ந்து போயர்றாங்க, காரணம் கையில இல்லாம மேல போய் எதை எதுத்துப் பேசறது சொல்லுங்க? காரணம் எழுத்துல வந்துட்டா அவங்களும் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். ஒரு ஆர்டர்ல என்ன காரணம் எழுதியிருக்கோ அதை வெச்சுத்தான் அது சரியா தப்பான்னு பாக்கணும், கோர்ட்டுக்கு வந்தப்பறம் புதுசா காரணம் சேக்கக்கூடாதுன்னு 1977லயே மொகிந்தர் சிங் கில் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

அடுத்தது கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு. நகல் வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்க வேண்டாம், நகல் கேட்ட மனுவோட ஜெராக்ஸ வெச்சே போட்டுருங்க. அதுல ரெண்டு விசயம் அழுத்தமா இருக்கணும். ஒண்ணு, நிறுத்தறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கல, அம்முச்சி பக்கத்து நாயத்த ஒரு வார்த்தை கேக்கல. வந்துட்டு இருந்த உதவிய ஆளைக் கேக்காமயே நிறுத்தறது இயற்கை நீதிக்கே விரோதம், உங்க கேஸ்ல பெரிய பலமே இதுதான். ரெண்டாவது, டெம்போ மகனோடது, அம்முச்சியோடது இல்ல, அவரு தனிக்குடித்தனம். மகனோட தனி ரேஷன் கார்டு, டெம்போ லோன் ஸ்டேட்மெண்ட், அம்முச்சி தனியா இருக்குதுன்னு வி.ஏ.ஓ. எழுதித்தந்தா அது, ஜி.ஹெச். மருந்துச் சீட்டு எல்லாத்தையும் சேருங்க. நிறுத்துன மாசத்துல இருந்து நிலுவையோட குடுங்கன்னு கடைசியில மறக்காம எழுதுங்க, கேக்காததை யாரும் தானாத் தரமாட்டாங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்லயும் மனு குடுக்கலாம், நல்லதுதான், ஆனா அது பெரும்பாலும் சுத்திச் சுத்தி பழைய ஆபீஸுக்கே திரும்பி வந்துரும், அதனால அதைக் குடுத்துட்டு மேல்முறையீட்டை விட்றாதீங்க.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை கேட்டிருந்தேன், வருசத்துக்குக் கரண்ட் 3,600 யூனிட்டுக்கு மேல, அதனால கெடையாதுன்னு மெசேஜ் வந்துருச்சு. எங்க மீட்டர்ல மாமியார் வீடும் சேந்து ஓடுதுங்க அண்ணா, என்ன பண்ணட்டும்?
(பல்லடம் பக்கம், ஒரு தங்கச்சி)

பதில்: மெசேஜ் வந்து 30 நாளைக்குள்ள இ-சேவை மையத்துல மேல்முறையீடு போடணும் தங்கச்சி, அதுவும் கோட்டாட்சியர்கிட்டத்தான் போகும். நாள எண்ணிக்கிட்டு இருக்காம இன்னிக்கே போங்க. போறதுக்கு முன்னாடி கடைசி ஒரு வருச கரண்ட் பில்லக் கூட்டிப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற பில்லு, ஆறு பில்லு சேந்து 3,600, அதாவது ஒரு பில்லுக்கு சராசரி 600 யூனிட். உங்க குடும்பத்துக்கு எந்த சர்வீஸ் நம்பர எடுத்திருக்காங்கன்னும் பாருங்க. கணக்கு வீட்டு உபயோகத்துக்குத்தான், தறி சர்வீஸோ தோட்டத்து மோட்டார் சர்வீஸோ மாறி ஏறியிருந்தா அதையே காட்டலாம். மாமியாருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தா ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம்னு தெளிவா எழுதி அந்தக் கார்டு நகலையும் வெச்சுருங்க.

கேள்வி: கோட்டாட்சியரும் தள்ளிட்டா ஐகோர்ட்டுக்குப் போகோணுங்களா? அதுக்கெல்லாம் எங்ககிட்டக் காசு ஏதுங்க?
(கரூர் வாசகர்)

பதில்: அரசியல் சாசனம் 226வது பிரிவுல ஐகோர்ட்டுல ரிட் மனு, அதாவது அதிகாரிக்கு உத்தரவு போடுங்கன்னு கேக்கற மனு, போடலாமுங்க. கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரங்க சென்னைக்குப் போகணும், கரூர்னா உங்களுக்கு மதுரைக் கிளை. ஒண்ண முன்னாடியே சொல்லிடறேன், கோர்ட் நேரா பென்ஷன எடுத்துக் குடுத்துரும்னு நெனச்சுப் போகாதீங்க, பல கேஸ்ல இத்தன வாரத்துக்குள்ள மறுபடி விசாரிச்சு முடிவு பண்ணுன்னு அதிகாரிக்கு உத்தரவு போடும். அதுவே பெருசு, கெடப்புல கெடந்த ஃபைல் அன்னிக்கு அசையும். ரிட்டுக்கு இத்தன நாள்னு கெடு இல்லைன்னாலும் வருசக்கணக்குல விட்டுட்டுப் போனா ஏன் இவ்வளவு லேட்டுன்னு கோர்ட்டே கேக்கும். காசப் பத்திக் கவலப்படாதீங்க. 1987ம் வருச சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துல பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவச வக்கீல் உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு பாப்பாங்க. தாலுகா கோர்ட் வளாகத்துலயே குழு ஆபீஸ் இருக்கும், இல்லைனா 15100க்கு போன் போடுங்க. போறப்ப ஆர்டர் நகல், ஒப்புகை சீட்டு, பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்துட்டுப் போங்க.