குழுவாக வானிலிருந்து குதிப்பவர்கள், விழும் வேகத்தை எப்படி ஒன்றுபோல் வைத்துக்கொள்கிறார்கள்?

பாராசூட்டை விரிப்பதற்காக ஒருவரையொருவர் விட்டு விலகும் வரை குழுவினர் அனைவரும் ஒரே உயரத்தில் அருகருகே இருக்கும்படி, ஒவ்வொருவரும் தாம் விழும் வேகத்தை மற்றவர்களோடு பொருத்திக்கொள்வதையே இது குறிக்கிறது. குதித்த 10, 12 நொடிகளில் காற்றின் எதிர்ப்பு உடல் எடைக்குச் சமமாகிவிடுவதால், வேகம் மேலும் கூடாமல் நிலைத்துவிடுகிறது. குப்புற விழும்போது அது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஆனால் எடை கூடுதலாகவும் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைவாகவும் உள்ளவர் இதைவிட வேகமாக விழுவார். ஒரே அளவுள்ள இரு தாள்களில் ஒன்றைக் கசக்கி உருட்டி, இரண்டையும் மொட்டைமாடியிலிருந்து போட்டால் உருண்டை முந்துவதும் இதனால்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேறுபாடே 10 நொடியில் சுமார் 14 மீட்டர் இடைவெளியாகிவிடும். கைகோக்க நினைப்பவர்களுக்கு அது பெருந்தொலைவு.

ஆகவே, கீழே நழுவியவர் கைகால்களை அகல நீட்டி வேகத்தைக் குறைக்கிறார். மேலே தங்கியவர் இடுப்பைக் கீழ்நோக்கித் தள்ளி, உடலை வில்லாக வளைத்து வேகத்தைக் கூட்டுகிறார். ஒல்லியானவர்கள் ஈய எடை வைத்த கச்சையையும், பருமனானவர்கள் தொளதொளப்பான உடையையும் அணிவதுண்டு (பாதி வேலை தரையிலேயே முடிந்துவிடுகிறது என்பேன்).

பாராசூட் விரிந்ததும் ஒருவர் மேலே இழுக்கப்படுவதாக வீடியோக்களில் தோன்றினாலும், அவர் உண்மையில் மேலே போவதில்லை. அவரது வேகம் குறைந்திருக்க, படம்பிடிப்பவர் பழைய வேகத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறார்.