சுடுநீர்த் தொட்டியின் ஹீற்றர் றிப் சுவிச்சை விழுத்துகிறது

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டு முற்றத்தில் உள்ளே இருந்து குளிக்கும் 1,000 லீற்றர் சுடுநீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். 3 கிலோவாற் ஹீற்றர், குழாய்க்கிணற்றுத் தண்ணீர். முன்பு நாலு மணித்தியாலத்தில் சூடாகும். பிறகு நாள் முழுக்க விட்டாலும் வெதுவெதுப்புத்தான். இப்போது ஹீற்றர் தொடங்கியதும் றிப் சுவிச் விழுகிறது. கனடாவிலிருந்து வரும் மாமா புது ஹீற்றர் கொண்டுவரவா என்று கேட்கிறார்.

பதில்: மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஹீற்றர் மணிக்கு ஏறத்தாழ இரண்டரைப் பாகை ஏற்ற வேண்டும். கேத்தலில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே கல்லு ஹீற்றருக்குள் இருக்கும் சூடாகும் சுருளிலும் பிடித்தால், சூடு தண்ணீருக்கு இறங்காமல் சுருளிலேயே தங்கும். உடனே அதிவெப்பக் காவல் நிறுத்திவிடும். ஆறினால்தான் மறுபடி ஓடும். அப்படியே விட்டால் சுருளின் உறை வெடித்து ஈரம் உள்ளே போய், கரண்ட் ஏர்த்துக்குக் கசியும். றிப் சுவிச் விழுவது அதனால்தான். அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீருக்குள் இருப்பவரின் உயிர் அந்தச் சுவிச்சில்தான் இருக்கிறது.

மெயினை அணைத்து, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு ஹீற்றரின் இரு வயர்களையும் கழற்றி, நுனிகளைக் காப்பிட்டு, மூடியை மாட்டியபின் ஓடவிடுங்கள். சுவிச் விழாவிட்டால் பழுது ஹீற்றரில்தான். மல்ரிமீற்றரில் இரு முனைகளுக்கிடையே 17–18 ஓம் காட்டினால் சுருள் அறவில்லை என்று மட்டுமே அர்த்தம். கசிவைச் சரியாகக் காட்டுவது 500 வோல்ற் மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவி. முனைக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைந்தால் சுருளை மாற்றுங்கள்.

கசிவில்லையென்றால் கழற்றி, லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்த வெந்நீரில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவுங்கள். குளோரின் பட்ட இடத்தில் அமிலத்தை ஊற்றினால் நச்சுவாயு எழும். கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அசிட்டும் வேண்டாம், அது துருப்பிடிக்காத உருக்கைத் தின்றுவிடும். வடிகட்டியையும் கழுவுங்கள், அது அடைத்தால் ஓட்டம் குறைந்து ஹீற்றர் தானாக நிற்கும்.

புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால், பழையதன் தகட்டைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்புங்கள். வோல்ற், கிலோவாற், குழாயின் நீளம், குழாய் பொருந்தும் பூட்டின் அளவு நாலும் பொருந்த வேண்டும். அங்கே 120 வோல்ற் ஹீற்றர்களும் விற்பனையில் உண்டு. அதை நம் 230 வோல்ற்றில் கொடுத்தால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு சக்தி இழுத்துக் கருகும்.

எதை மாட்டினாலும் தண்ணீரை மாற்றாவிட்டால் இதே கதைதான். தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு) 150–250 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) இருக்கட்டும். கிணற்றில் 500 என்றால் 400 லீற்றர் கிணற்றுத் தண்ணீருடன் மாரியில் பீலியால் பிடித்த மழைத்தண்ணீர் 600 லீற்றர் சேருங்கள். முழுக்க மழைத்தண்ணீர் விட்டால் அது உலோகத்தை அரிக்கும். பிஎச் (அமில-கார அளவு) 7.2–7.8 இருக்கட்டும்.