பழைய அமெரிக்க வீடுகளில் கணப்படுப்புகள் எல்லாம் ஏன் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருக்கின்றன?

மாசசூசெட்ஸில் அப்படியொரு வீட்டில் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்தேன். 1830களில் கட்டிய மரவீடு. கூடத்தில் கணப்படுப்பின் இருபுறமும் தட்டையான தூண்கள், மேலே அகலமான உத்தரம், அதற்கும் மேல் ஒரு பலகை. கிரேக்கக் கோயில் வாசலைச் சுருக்கிச் சுவரில் ஒட்டியதுபோல் இருக்கும். பார்வைக்குக் கல், தட்டினால் பைன் மரம்!

இந்த ஒற்றுமைக்குக் காரணம் அச்சுப் புத்தகங்கள்தான். நம்மூர் கிரில் பட்டறையில் ஆல்பத்தைப் புரட்டி "இது போடுங்க" என்கிறோமே, ஏறக்குறைய அதே கதை. ஆஷர் பெஞ்சமின் என்ற தச்சர் 1797இல் கிரீன்ஃபீல்ட் என்ற சிற்றூரிலிருந்து தன் முதல் மாதிரிப் புத்தகத்தை வெளியிட்டார். அப்போதைய மோஸ்தர் ஒல்லித் தூண்களும் பூச்சரங்களும். 1830இல் வந்த அவருடைய 'பிராக்டிகல் ஹவுஸ் கார்பென்டர்' முழுக்கக் கிரேக்கப் பாணிக்கு மாறியது. நியூயார்க்கிலிருந்து மினார்ட் லஃபீவர் என்ற கட்டடக் கலைஞர் 1833லும் 1835லும் இன்னும் அலங்காரமான கிரேக்க மாதிரிகளைக் கொடுத்தார். படத்தோடு அளவு விகிதமும் இருந்ததால், ஏதென்ஸைக் கனவிலும் காணாத கிராமத்துத் தச்சரும் அதைப் பார்த்து அறுத்துச் செதுக்கிவிடலாம். தட்டைப் பரப்புகள் என்பதால் வேலையும் சுலபம். பூச்சரம் செதுக்கும் கைக்கூலி மிச்சம். அந்தப் பாணி அவ்வளவு வேகமாகப் பரவ அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் எல்லாரும் அப்படியே காப்பி அடிக்கவில்லை. எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். மோல்டிங் என்றால் விளிம்பில் அலங்காரமாக ஓடும் வளைந்த சட்டம். ரோமானிய மோல்டிங்கின் வளைவு வட்டத்தின் ஒரு துண்டு. கிரேக்க மோல்டிங்கின் வளைவு நீள்வட்டம் போன்றது, மெல்ல இறங்கிச் சட்டென்று உள்ளே திரும்பும். பெஞ்சமின் இதை வரைந்தே காட்டுகிறார். ஒருநாள் அந்தப் புத்தகத்தின் ஸ்கேனை மொபைலில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். தூண், உத்தரம் எல்லாம் புத்தகத்துக் கிரேக்கம். பலகைக்கு அடியில் ஓடிய மோல்டிங் மட்டும் பச்சை ரோமானியம், அச்சு அசலான கால்வட்டம். புது வளைவுக்குப் புது இழைப்புளி வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்த ஆசாரி புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் இருந்த பழைய இழைப்புளியாலேயே வேலையை முடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நெருப்பு மூட்டினீர்களா என்று கேட்காதீர்கள். புகைபோக்கியை எப்போதோ அடைத்துவிட்டார்கள், குளிருக்கு ரேடியேட்டர்தான்.